உப்புத்தரையில் தேடிய காடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வறண்ட நிலத்தின் நடுவே, தண்ணீர் வெளியேற வழியில்லாத ஒரு பெரிய பள்ளம். மழை பெய்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சில வாரங்களில் அது வற்றி வெள்ளை உப்புப் பொருக்கு மட்டும் மிஞ்சும். ஓரங்களில் உமரியும் அதன் உறவுச் செடிகளும் வளர்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரம் கிடையாது. மரங்கள் உள்ள மலை சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

பள்ளத்தைச் சுற்றியுள்ள நிலத்தை மீட்டெடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்த ஒரு குழு எங்களிடம் வந்தது. அவர்களின் கேள்வி ஒன்றே: இங்கே முன்பு என்ன வளர்ந்தது? அது தெரிந்தால் அதையே திரும்ப வளர்க்கலாம் என்பது அவர்களின் எண்ணம். நாங்கள் ஐந்து பேர். படிவுகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், வயதுக் கணிப்பைப் பார்ப்பவர் ஒருவர், ஆய்வு மாணவர்கள் இருவர், மகரந்தம் எண்ணும் நான்.

அடுக்கடுக்காக மகரந்தத்தை எண்ணிப் பழைய தாவரங்களின் வரலாற்றைச் சொல்லும் முறையை லென்னார்ட் ஃபோன் போஸ்ட் 1916இல் முன்வைத்தபோது, அவர் கையில் இருந்தது ஸ்வீடனின் ஈரச்சதுப்புகளின் படிவு. எப்போதும் நனைந்திருக்கும், காற்றுப் புகாத சேற்றில் மகரந்தத்தின் மேலோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். வறண்ட நாட்டில் அப்படிப்பட்ட சதுப்புகள் அரிது. அங்கே கிடைக்கும் பழைய ஏடு பெரும்பாலும் உப்புத்தரைதான். அந்த ஏட்டுக்கு மதிப்பு உண்டு. பொலிவியாவின் உயூனி உப்புத்தரையில் 220 மீட்டர் ஆழம்வரை துளையிட்டு எடுத்த கோரில் (குழாய் இறக்கி உருளையாக எடுக்கும் படிவு மாதிரி) ஏரிச் சேறும் உப்பும் மாறிமாறி வந்தன. சேறு வந்த இடமெல்லாம் ஈரமான காலம், உப்பு வந்த இடமெல்லாம் வறண்ட காலம். நாங்களும் அப்படி ஒரு வாசிப்பை எதிர்பார்த்துத்தான் போனோம்.

முதல் கோர்

படிவு மிகத் தடிமனாக இருக்கும் இடம் நடுப்பள்ளம் என்பதால் அங்கேயே குழாயை இறக்கினோம். மேற்பொருக்கு கல்போல் இறுகிக் கிடந்தது. அதை இளக்கத் தண்ணீர் ஊற்றினோம். அதுதான் முதல் தவறு.

உப்புப் படிகத்தின் வடிவமே ஒரு சான்று. ஆழம் குறைந்த உப்புநீரின் அடியில் நேரடியாக வளர்ந்த படிகத்துக்குள் அம்புமுனைகளை அடுக்கியது போன்ற மங்கலான வரிகள் இருக்கும். பிற்காலத்தில் நிலத்தடி உப்புநீரிலிருந்து குழிகளில் படிந்தது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். முன்னது இருந்தால் அங்கே அப்போது தண்ணீர் நின்றது என்று பொருள். பின்னதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நாங்கள் ஊற்றிய நன்னீரில் மேலடுக்குகள் கரைந்துபோனதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. உப்பில் துளையிடும்போது, இதற்குமேல் உப்பைக் கரைக்க முடியாத அளவுக்குச் செறிந்த உப்புநீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது புதிய செய்தியல்ல. எங்களுக்கும் தெரிந்ததுதான். நான்கு மீட்டர் கோர்தானே என்று விட்டுவிட்டோம்.

அந்த நான்கு மீட்டரில் கீழே மூன்று மீட்டர் பச்சை கலந்த சாம்பல் நிறக் களிமண், அதாவது முன்பு அங்கே நின்ற ஏரியின் சேறு. அதற்கு நடுவே நூல்போல மெல்லிய வண்டல் வரிகள். மேலே ஒரு மீட்டருக்கு ஜிப்சம் மணல் கலந்த பழுப்புச் சேறு, அதன்மேல் உப்பு. சாம்பல் களிமண்ணும் பழுப்புச் சேறும் சந்திக்கும் இடம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதினோம். ஏன் அப்படி என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மகரந்தம் சொன்னதாக நினைத்தது

பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்தோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணத்தை நீக்கி, ஜிப்சத்தை நிறைய வெந்நீரில் கரைத்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் சிலிக்காவைக் கரைத்த பிறகு, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பார்த்தேன்.

கீழ்ப்பகுதியில் சம்பு, கோரை, புல் மூன்றும் தாராளமாக இருந்தன. மரங்களின் மகரந்தம், முக்கியமாகப் பைனும் ஓக்கும், ஏறக்குறைய கால் பங்கு. பழுப்புச் சேற்றில் கதையே வேறு. பத்தில் ஒன்பது மகரந்தம் கீரைக் குடும்பத்துடையது. உமரியும் அந்தக் குடும்பம்தான். அதன் மகரந்தம் கோல்ஃப் பந்துபோல உடம்பெல்லாம் துளைகளுடன் இருக்கும், எளிதில் அடையாளம் தெரியும். மரம் அங்கே இல்லவே இல்லை.

கோரின் அடியில் எடுத்த சேற்றின் ரேடியோகார்பன் வயது (உயிர்ப்பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14 அளவை வைத்துக் கணிப்பது) சுமார் 8,000 ஆண்டுகள் என்று வந்தது. மேல்தளம் ‘இன்று’ என்று வைத்துக்கொண்டு இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தோம். மாற்றம் நடந்த ஒரு மீட்டர் ஆழம் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் என்று விழுந்தது. அந்தப் பகுதியில் மனிதர் குடியேறி மேய்ச்சல் தொடங்கிய காலத்தோடு அது ஒத்துப்போனது. இடைக்கால அறிக்கையில் இப்படி எழுதினோம்: பள்ளத்தைச் சுற்றி மரங்கள் கலந்த புல்வெளி இருந்தது, மனிதர் அதை அழித்தார்கள், பிறகு உவர்நிலச் செடிகள் பரவின.

அறிக்கையை எழுதியது நான். அந்தக் குழு அதை நம்பியது. நம்பாமலிருக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. விளிம்பில் ஒரு சோதனைத் திடல் ஒதுக்கி மரக்கன்றுகள் நட்டார்கள்.

ஒரு மாணவியின் கேள்வி

இறுதி அறிக்கைக்காக மேல்பகுதி மாதிரிகளை மறுபடி எண்ணும் வேலையை ஆய்வு மாணவி ஒருவரிடம் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் வந்து கேட்டார்: “சார், இந்த மட்டத்தில் பாதிக்கு மேல் ‘அடையாளம் தெரியாதவை’ என்றுதான் போடுகிறேன். எல்லாம் அரித்து, கிழிந்து கிடக்கிறது. ஆனால் விழுக்காடு போடும்போது அவற்றை விட்டுவிடுகிறோமே, சரியா?”

சரியில்லை. இந்த நிகழ்வின் மையமே அந்தக் கேள்விதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் அடுக்கில் 100 மகரந்தத் துகள்கள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். 30 கீரைக் குடும்பத்துடையவை, 70 மற்றவை. உப்புத்தரைச் சேறு நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறது. ஒவ்வொரு முறை காயும்போதும் காற்று உள்ளே போகிறது, காரத்தன்மையும் அதிகம். மெல்லிய மேலோடு கொண்டவை முதலில் அரிக்கின்றன. 70இல் 60 அழிந்துவிட்டால் மிஞ்சுவது 40. அதில் கீரைக் குடும்பம் 30, அதாவது 75 விழுக்காடு. நிலத்தில் ஓர் உமரிச்செடிகூடக் கூடவில்லை. ஆனால் வரைபடத்தில் அது 30இலிருந்து 75க்கு ஏறிவிடுகிறது. மேலோடு தடித்ததும், பாதி சிதைந்தாலும் அடையாளம் தெரிவதும் சேற்றில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். கீரைக் குடும்பம் இரண்டுக்கும் பொருந்தும்.

இதைச் சோதிக்க வழி எங்கள் கையிலேயே இருந்தது. மாதிரியைத் தயாரிக்கும்போதே எண்ணிக்கை தெரிந்த லைகோபோடியம் (பாசிபோன்ற ஒரு செடி) வித்துகளை வில்லையாகச் சேர்ப்பது வழக்கம். 1971இல் ஸ்டாக்மார் விளக்கிய முறை அது. எண்ணும்போது எத்தனை லைகோபோடியம் கண்ணில் படுகிறது என்பதை வைத்து ஒரு கன சென்டிமீட்டர் சேற்றில் மொத்தம் எவ்வளவு மகரந்தம் இருந்தது என்று கணக்கிடலாம். வில்லையைச் சேர்த்திருந்தோம், கணக்கைத்தான் போடவில்லை. போட்டுப் பார்த்ததும் பழுப்புச் சேற்றில் மொத்த மகரந்தமே மிகக் குறைவு என்று தெரிந்தது. கீரைக் குடும்பமும் கூடவில்லை, சற்றுக் குறைந்துதான் இருந்தது. மற்றவை அதைவிட வேகமாகக் காணாமல் போயிருந்தன.

நிறுத்துவதா, காத்திருப்பதா

எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. மாற்று விளக்கம் உறுதியாகும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், இல்லையென்றால் நம் பேச்சுக்கே மதிப்பு இருக்காது என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அங்கே கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் சொல்லை நம்பிச் செலவும் உழைப்பும் போகும்போது, அந்தச் சொல் ஆட்டம் கண்டுவிட்டது என்பதை மறைப்பது முறையாகாது என்று பெரும்பான்மையோர் நினைத்தோம். நட்டதோடு நிறுத்திவையுங்கள், மரம் பற்றிய முடிவை நாங்கள் திரும்பப் பெறுகிறோம், காரணம் இது என்று எழுதி அனுப்பினோம்.

அடுத்து மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டோம். இன்று அந்தத் தரையில் விழும் மகரந்தம் எது என்று பார்ப்பது. இரண்டாவது கோரை ஒழுங்காக எடுப்பது. நடுப்பள்ளத்தை விட்டு விளிம்புக்குப் போவது.

இன்றைய தூசி

முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைக் கடைசியில் செய்தோம். நடுப்பள்ளத்திலிருந்து மலையடிவாரம்வரை இடைவெளி விட்டு மகரந்தப் பொறிகளை வைத்து ஓராண்டு காத்திருந்தோம்.

நடுப்பள்ளத்தில் வைத்த பொறியில் மர மகரந்தம் பத்தில் ஒரு பங்கு இருந்தது. சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத இடத்தில். பைன் மகரந்தத்துக்கு இருபுறமும் காற்றுப்பை உண்டு. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக்கூடியது. மலையிலிருந்து 40 கிலோமீட்டர் வருவது அதற்கு ஒரு தூரமே இல்லை.

அதே பொறி இருந்த இடத்தில் தரையைத் தோண்டி, பத்து சென்டிமீட்டர் ஆழத்துச் சேற்றை எடுத்து எண்ணினோம். மர மகரந்தம் கிட்டத்தட்ட இல்லை. ஆண்டுதோறும் வந்து விழுவது, கொஞ்ச ஆழம் புதைவதற்குள்ளேயே அழிந்துபோகிறது.

இந்த ஒரு சோதனை எங்கள் முதல் முடிவை இரண்டு பக்கமிருந்தும் உடைத்தது. மகரந்தம் இருப்பதால் மரம் அருகில் இருந்தது என்று சொல்ல முடியாது. மகரந்தம் இல்லாததால் மரம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது கோர்

இம்முறை செறிந்த உப்புநீரைப் பயன்படுத்தினோம். எடுத்த உடனே படம் பிடித்து, நெகிழித்தாளில் இறுகச் சுற்றி, குளிரறையில் வைத்தோம். உப்பு நிறைந்த கோரைத் திறந்து வைத்தால் அது காயும்போது மேற்பரப்பில் வெள்ளைப் படிகங்கள் பூத்து மெல்லிய அடுக்குகளைப் பிளந்துவிடும். முதல் கோரின் பாதி அப்படித்தான் வீணாயிற்று.

கத்தியால் வெட்டியதுபோல இருந்த அந்தச் சந்திப்பை இப்போது நிதானமாகப் பார்த்தோம். களிமண்ணின் மேல்முகம் தேய்ந்திருந்தது. அதிலிருந்து வெடிப்புகள் கீழ்நோக்கி இறங்கியிருந்தன, அவற்றுக்குள் மேலிருந்த ஜிப்சம் மணல் நிரம்பியிருந்தது. வறண்ட ஏரித்தரையைக் காற்று அரித்த தடம் அது. காய்ந்த சேற்றைக் காற்று துகளாக அள்ளிக்கொண்டு போகும். கீழே நிலத்தடி நீரின் ஈரம் தட்டுப்படும் மட்டம் வந்ததும் அரிப்பு நிற்கும்.

சந்திப்புக்குச் சற்றுக் கீழேயும் மேலேயும் நிலத்தாவரக் கரித்துகள்களைப் பொறுக்கி எடுத்து ரேடியோகார்பன் பார்த்தோம். கீழே 5,000 ஆண்டுகளுக்கும் மேல், மேலே 1,000 ஆண்டுகளுக்கும் குறைவு. நடுவில் சில சென்டிமீட்டர். 4,000 ஆண்டுகளின் பக்கங்கள் அந்த ஏட்டில் இல்லை. நாங்கள் நேர்கோடு போட்டுக் கண்டுபிடித்த ‘2,000 ஆண்டுகளுக்கு முன்’ என்ற காலத்தின் சேறு ஒரு பிடிகூட அங்கே கிடையாது.

கோரின் அடியில் கிடைத்த வயதும் பிழைதான். அதே மட்டத்தில் மொத்தச் சேறு காட்டிய வயது, கரித்துகள் காட்டியதைவிட ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் கூடுதல். பழைய சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வரும் கார்பனில் கார்பன்-14 மிஞ்சியிருக்காது. அதை எடுத்து வளரும் நீர்த்தாவரமும் பாசியும் பிறக்கும்போதே கிழமாகத் தெரியும். சேற்றில் கலந்திருந்தது பெரும்பாலும் அவைதான்.

வயது மாறினால் கதை எவ்வளவு மாறும் என்பதற்கு ராஜஸ்தானின் உப்பேரிகளே சான்று. சாம்பர், டீட்வானா, லுங்கரன்சர் ஏரிகளின் மகரந்தத்தை ஆராய்ந்த குர்தீப் சிங் 1971இல் அங்கே இருந்த ஈரமான காலத்தைச் சிந்துவெளி நாகரிகத்தின் செழிப்போடு இணைத்தார். 1999இல் வெளியான ஆய்வு, லுங்கரன்சர் படிவுகளை இன்னும் நெருக்கமாக வயதிட்டது. நாகரிகம் செழிப்பதற்கு ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஏரி வற்றிவிட்டது என்று அதில் தெரிந்தது. சிங்கின் உழைப்பு இன்றும் அடித்தளமாக நிற்கிறது. மாறியது காலக்கோடு. எங்கள் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னவர் வயதுக் கணிப்பைப் பார்ப்பவர். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, எச்சரிக்கையாகவும் இருந்தது.

கீழ்ப்பகுதியின் மர மகரந்தத்துக்கும் விடை கிடைத்தது. களிமண்ணையும் நடுவிலிருந்த வண்டல் வரிகளையும் தனித்தனியாகச் சுரண்டி எண்ணினோம். மர மகரந்தம் வண்டல் வரிகளில் குவிந்திருந்தது, களிமண்ணில் இன்றைய பொறியில் கண்ட அளவுதான். வண்டலைக் கொண்டுவந்தது மலையிலிருந்து வெள்ளக்காலத்தில் இறங்கிய ஓடை. மகரந்தமும் அதோடு வந்தது. முதல் கோரில் ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டையும் கலந்து எடுத்ததால் கால் பங்கு என்று வந்திருந்தது. ஏரிக்கரையில் காடு இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

விளிம்பில் கிடைத்தவை

பழைய ஏரியின் கரைமேட்டில் குழி வெட்டிக் குவார்ட்ஸ் மணலை ஒளித்தூண்டல் முறையில் வயதிட்டோம். மணல் கடைசியாக வெயில் கண்ட நாளை அந்த முறை சொல்லும். கடைசிக் கரைமேடு சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் உருவானது. நடுப்பள்ளத்தில் ஏரி வற்றிய காலத்துச் சேறே காற்றோடு போய்விட்டதால் இந்தச் செய்தி அங்கே கிடைத்திருக்காது. ஏரி பின்வாங்கியது அங்கே மனிதர் குடியேறுவதற்கு வெகுகாலம் முன்பு.

பிறகு, ஊற்று கசியும் ஒரு சிறு குழி. ஆண்டு முழுக்க ஈரமாக இருக்கும் இடம், அகலம் பத்து எட்டுகூட இருக்காது. முதல் பயணத்தில் நாங்கள் அதைத் தாண்டி நடந்துதான் நடுப்பள்ளத்துக்குப் போனோம். அதன் சேற்றில் மகரந்தம் புதிதுபோல இருந்தது. ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை வைத்து மேல்பகுதியின் கடந்த நூறு ஆண்டுகளைப் பிரிக்கவும் முடிந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள் என்பதால் அதற்குமேல் வெகுதூரம் பின்னோக்கிப் போக முடியாது. எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தக் காலம்தான்.

அங்கே தெரிந்தது இது. கடந்த நூற்றாண்டுவரை புல் மகரந்தம் நிறைய இருந்தது. பிறகு அது இறங்குகிறது, கீரைக் குடும்பம் ஏறுகிறது. இம்முறை செறிவுக் கணக்கிலும் ஏறுகிறது. அதே மட்டத்திலிருந்து ஸ்போரோர்மியெல்லா வித்துகளும் கூடுகின்றன. மேயும் விலங்கின் சாணத்தில் வளரும் பூஞ்சை அது. கார்பன்-13 அளவை மட்டும் நம்பியிருந்தால் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும், ஏனென்றால் வெப்பநிலப் புற்களைப் போலவே கீரைக் குடும்பத்துச் செடிகள் சிலவும் சி4 என்ற ஒளிச்சேர்க்கை வகை; கார்பன்-13 அளவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். புல்லைத் தனியே காட்டியது ஃபைட்டோலித். புல்லின் திசுக்களில் படியும் சிலிக்கா துகள்களில் சில இருதலை உருண்டைத் தண்டுபோல இருக்கும், உமரி வகையில் அப்படி இராது. மிகுந்த காரச் சேற்றில் இவையும் கரையும். ஊற்றுக் குழியில் கரையவில்லை.

பின்விளைவு

சோதனைத் திடலில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை அடுத்த வறட்சிக்குள் கருகிவிட்டன. வேர்மட்டத்து உப்பை அவை தாங்கவில்லை. தண்ணீர் சுமந்து ஊற்றியவர்கள் உள்ளூர் ஆட்கள். அவர்களிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். ஒரு பெரியவர், அங்கே மரம் இருந்ததாகத் தன் பாட்டன்கூடச் சொன்னதில்லை என்றார். புல் இடுப்பளவு நின்றதைச் சொல்லியிருக்கிறார்களாம். தொடக்கத்தில் அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

இறுதி அறிக்கை மூன்று செய்திகளோடு நின்றது. ஏரியும் சம்பும் கோரையும் போனது இயற்கையான வறட்சியால், அதைத் திருப்ப முடியாது. கரையில் காடு இருந்ததற்குச் சான்றில்லை. விளிம்புப் புல்வெளி குறைந்தது அண்மையில், மேய்ச்சல் கூடிய காலத்தோடு சேர்ந்து. குழு மரம் நடும் திட்டத்தைக் கைவிட்டது. ஊற்றுக் குழியைச் சுற்றியும் கரைமேட்டின் ஒரு பகுதியிலும் வேலி போட்டு, மேய்ச்சலைப் பருவம் மாற்றி விடுகிறார்கள். வேலிக்குள் இரண்டாம் மழைக்குப் பிறகு புல் தலைகாட்டியது. அது நிலைக்குமா என்று சொல்ல இரண்டு பருவம் போதாது.

மறுபடி செய்வதானால்

கோர் எடுப்பதற்கு முன்பே பொறிகளை வைப்போம். ஓராண்டு தாமதமாகும், பரவாயில்லை. நடுப்பள்ளத்தில் ஒன்றும் விளிம்பில் இரண்டுமாவது எடுப்போம். வயதுக்கு மொத்தச் சேற்றை அனுப்ப மாட்டோம். கரித்துகள் கிடைக்காவிட்டால் வயது தெரியாது என்றே எழுதுவோம். சிதைந்த துகள்களின் எண்ணிக்கையும் செறிவும் இல்லாமல் எந்த விழுக்காட்டு வரைபடத்தையும் வெளியே கொடுக்க மாட்டேன் என்பது என் சொந்த விதியாகிவிட்டது. இடைக்கால அறிக்கையை வைத்து யாராவது நிலத்தில் வேலை தொடங்குவார்களா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

வெடிப்புகளுக்குக் கீழே உள்ள 30 சென்டிமீட்டரை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. மேலிருந்த மகரந்தம் வெடிப்பு வழியே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அந்த மாணவி இப்போது மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சுரண்டி எண்ணிக்கொண்டிருக்கிறார்.